தோலாவிராவா, லோத்தலா: எதற்குப் போவது?

சிந்துவெளி நகரம் ஒன்றை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு ஹரப்பாவும் மொகஞ்சதாரோவும் எல்லைக்கு அப்பால் போய்விட்டன. நம் பக்கம் காலாற நடந்து பார்க்கிற அளவுக்கு மிஞ்சியிருப்பவற்றில் தோலாவிராவும் லோத்தலும் முக்கியமானவை. இரண்டும் குஜராத்தில்தான் இருக்கின்றன. ஆனால் சாலை வழியே 300 கி.மீ.க்கு மேல் இடைவெளி. ஒரே பயணத்தில் இரண்டையும் திணித்தால் காருக்குள் உட்கார்ந்திருந்ததுதான் மிஞ்சும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிதானமாகப் பாருங்கள்.

முதலில் நாட்களை எண்ணுங்கள். லோத்தல் அகமதாபாத்திலிருந்து சுமார் 80 கி.மீ.; காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். தோலாவிரா கச்சின் பெரிய ரண் உப்புவெளிக்குள் காதிர் என்ற தீவுத் திட்டில் இருக்கிறது. அகமதாபாத்திலிருந்து ஏறத்தாழ 350 கி.மீ. ஒரு இரவு அங்கே தங்காமல் போகாதீர்கள்.

அடுத்து, மாதம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரண்டுக்கும் ஏற்ற காலம். மழைக்காலத்தில் ரண் முழுக்கத் தண்ணீர் நிற்கும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தோலாவிராவின் கல் சுவர்களுக்கிடையே ஒதுங்க நிழல் இல்லை. பள்ளி விடுமுறையான மே மாதத்தில்தான் முடியும் என்றால், அல்லது முட்டி வலிக்கும் பெரியவர்கள் உடன் வருகிறார்கள் என்றால், யோசிக்காமல் லோத்தல் போங்கள்.

இந்த இரண்டும் தடையில்லை என்றால், எதைப் பார்க்க ஆசை என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையான தேர்வு இங்கேதான் இருக்கிறது.

தோலாவிராவில் ஒரு நகரமே கண்முன் விரிகிறது. மற்ற ஹரப்பா ஊர்கள் பெரும்பாலும் செங்கல்லால் எழுந்தவை. இங்கே உள்ளூர்க் கல்லை வெட்டிக் கட்டியதால் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கோட்டை, நடுநகரம், கீழ்நகரம் என்ற பிரிவுகளை மேட்டில் ஏறி நின்றாலே அடையாளம் காணலாம். ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் 1990இல் அகழாய்வு தொடங்கியது; 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திவைப்பது அங்குள்ள நீர் ஏற்பாடுதான். மன்சர், மன்ஹர் என்று இரண்டு ஓடைகள். மழை பெய்தால் மட்டுமே ஓடுபவை. அவற்றைத் தடுத்துத் திருப்பி, ஊரைச் சுற்றிலும் நீர்த்தேக்கங்களை நிரப்பியிருக்கிறார்கள். கிழக்குத் தேக்கம் 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம். படிகள் இறங்கும் அதன் விளிம்பில் நிற்கும்போது நம்மூர்த் தெப்பக்குளம் நினைவுக்கு வராமல் போகாது. சுற்றிலும் உப்பு வெளுத்த நிலம் கிடக்க, நடுவில் குடிநீரைச் சேர்த்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

லோத்தலின் பெருமை கைத்தொழிலிலும் வணிகத்திலும் இருக்கிறது. எஸ்.ஆர். ராவ் 1955 முதல் 1962 வரை தோண்டிய ஊர் இது. சுமார் 214 மீட்டர் நீளமும் 36 மீட்டர் அகலமும் கொண்ட சுட்ட செங்கல் தொட்டியை அவர் கப்பல்துறை என்றார். பாசன ஏரி என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த வாதத்தை மனதில் வைத்துக்கொண்டு கரையைச் சுற்றி நடங்கள். தெற்கு முனையில் நீர் வழிந்தோடும் அமைப்பை விட்டுவிடாதீர்கள். மற்றபடி தரையில் மிஞ்சியவை அடித்தளங்களே. பாதி நேரத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். பழைய ஊரின் பண்டகசாலை தீப்பிடித்தபோது அங்கிருந்த களிமண் முத்திரை வில்லைகள் வெந்து இறுகிக் கெட்டியாகிவிட்டன. அதனால்தான் அவை தப்பின. ஒரு பக்கம் முத்திரை, மறுபக்கம் மூட்டையைக் கட்டிய கயிறும் பாயும் துணியும் பதிந்த தடம். மணிகளையும் அருகில் குனிந்து பாருங்கள். சில கடுகைவிடப் பொடியானவை.

என்னைக் கேட்டால், கட்டடங்களிடையே நடக்க விரும்புகிறவர் தோலாவிராவுக்கும், பொருள்களை உற்றுப் பார்க்க விரும்புகிறவர் லோத்தலுக்கும் போகலாம். ஒரே ஒரு முறைதான் வாய்க்கும் என்பவருக்குத் தயங்காமல் தோலாவிராவைச் சொல்வேன்.

லோத்தலுக்கு அகமதாபாத்தில் வாடகைக் கார் பிடித்தால் போதும். தோலாவிராவுக்குச் செல்ல நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் காந்திதாமுக்கு வாராந்திர ரயில்கள் இருக்கின்றன. அங்கிருந்து காரில் பச்சாவ், ராப்பர் வழியாகப் போங்கள். ராப்பரிலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். திரும்பும்போது காவ்டா வழியாக புஜ் போகும் சாலையைப் பிடியுங்கள். இருபுறமும் வெள்ளை உப்புவெளி, நடுவே நேர்க்கோடாகத் தார்ச்சாலை. எல்லை மாவட்டம் என்பதால் ஆதார் அட்டை கையில் இருக்கட்டும்.

தோலாவிராவில் காலையில் கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். வடக்கு வாசலில் தொடங்குவது நல்லது. மரப்பலகையில் பதித்த பத்து பெரிய குறியீடுகள் அங்கேதான் கிடைத்தன. மரம் மக்கிப்போக, வெண்ணிற ஜிப்சம் எழுத்துகள் மட்டும் மண்ணில் விழுந்தபடியே இருந்தன. அவற்றைப் படத்தில் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள். பிறகு கோட்டை, கிழக்குத் தேக்கம், தெற்கே பாறையைக் குடைந்த தொட்டிகள். மேற்கே இருக்கும் ஈமமேடுகளுக்கு உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். காலடியில் பானை ஓடுகள் கிடக்கும். எதையும் பையில் போட வேண்டாம். கிடந்த இடத்தை விட்டு நகர்ந்த ஓடு ஆய்வாளருக்குப் பாதி ஊமை.

தொல்லியல் துறையின் தள அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நாளைக் குறிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தோலாவிராவில் தங்குமிடங்கள் சிலவே. ரண் உற்சவம் நடக்கும் குளிர்கால மாதங்களில், பௌர்ணமியை ஒட்டி, அறைக்கு அடிதடி நடக்கும். ரயில் டிக்கெட்டுக்கு முன்பே அறையை உறுதி செய்துவிடுங்கள்.