எந்திரம் சொன்ன தங்கவயல்



சென்ற கோடை விடுமுறையில் பெங்களூரிலிருந்து வந்திருந்த என் பேத்தி, "எங்கள் பூர்வீக ஊர்" என்ற தலைப்பில் பள்ளிக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றாள். நான் பிறந்து வளர்ந்தது மைசூர் மைன்ஸ். என் தகப்பனார் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து வந்து அதே சுரங்கத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர். "உட்காரம்மா, சொல்கிறேன்" என்று நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள், "வேண்டாம் தாத்தா, முடிஞ்சிடுச்சு" என்றாள். கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டிருக்கிறாள். அரை நிமிடத்தில் இரண்டு பக்கம் வந்துவிட்டது.

வாங்கிப் படித்தேன். தமிழில் பிழை இல்லை. ஆனால் தங்கவயலில் 1951-ஆம் ஆண்டு தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது என்றும், அங்கே வேலை செய்தவர்கள் அடிமைகளாக அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள் என்றும், 1981 வரை இந்த நிலை நீடித்தது என்றும் அதில் கண்டிருந்தது. நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்த குழந்தை, மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள்: "கொள்ளுத்தாத்தா அடிமையா இருந்தாரா தாத்தா?"

அந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

செயலி சொன்னது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. 2018 டிசம்பரில் வெளிவந்த 'கே.ஜி.எஃப்' திரைப்படத்தின் கதை அது. பிரசாந்த் நீல் இயக்கி, யாஷ் நடித்து, தமிழிலும் வெளியிடப்பட்டு, உலகமெங்கும் ஓடிய படம். நராச்சி என்ற கற்பனைச் சுரங்கத்தைப் பற்றிய கதை. நம் ஊர்ச் சைனைட் மேடுகளில் படம் எடுத்தார்கள் என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமைதான். கதை எழுதியவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. கற்பனை செய்வது அவர் தொழில். கதையைச் சரித்திரமாக எடுத்துக்கொண்டது வேறொருவர்.

உண்மை என்ன? ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே கால் வைத்தது 1880-இல். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்ற சுரங்கங்கள் அதன் பொறுப்பில் வளர்ந்தன. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போயிற்று. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. பிறகு மத்திய அரசு. 1972-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் வேலை கொடுமையாக இருந்ததையும், எத்தனையோ பேர் நுரையீரலில் பாறைத்தூள் படிந்து மாண்டதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சுமார் மூன்று வாரம் வேலை நிறுத்தம் செய்தார்களே, அவர்களை அடிமைகள் என்று எப்படிச் சொல்வது?

இந்த எந்திரம் வேலை செய்யும் விதத்தைச் சுரங்கக்காரன் பாஷையிலேயே சொல்லிப் பார்க்கிறேன். கோடிக்கணக்கான பக்கங்களை அதற்குள் கொட்டுகிறார்கள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை அது கற்றுக்கொள்கிறது. எங்கள் சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் தங்கம் கிடைக்கும், மீதியெல்லாம் மண். பாறையை எடுத்துச் சோதித்துத் தரம் பார்க்கவென்றே தனியாக ஆட்கள் இருந்தார்கள். எந்திரம் எத்தனை பேர் எழுதினார்கள் என்று பார்க்கிறதே தவிர, யார் எழுதினார்கள், பார்த்து எழுதினார்களா, கேட்டு எழுதினார்களா என்று உரசிப் பார்ப்பதில்லை. தங்கவயலைப் பற்றி இணையத்தில் இருப்பதில் பெரும்பகுதி படத்தைப் பற்றியது. என் தகப்பனாரைப் போன்றவர்களைப் பற்றி எழுதியிருப்பது யார்? எந்திரத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. தெரியாத இடத்தில் "தெரியாது" என்று சொல்ல அதற்கு எளிதில் வருவதில்லை. ஏதாவது ஒன்றை வைத்து நிரப்பிவிடுகிறது.

எந்திரத்தைக் குறை சொல்லிக்கொண்டே போகுமுன் என் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். பேத்தியின் இரண்டாம் பக்கத்தில், "ஆசியாவில் டோக்கியோவுக்கு அடுத்து மின்சாரம் பெற்ற ஊர் கோலார் தங்கவயல்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஏனென்றால் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் இதே வாக்கியத்தை நானே பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். சந்தேகம் வந்து இப்போது தேடிப் பார்த்தால், டார்ஜிலிங்கில் சித்ராபோங் நீர்மின் நிலையம் 1897-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. கல்கத்தாவுக்கு 1899-இல் மின்சாரம் வந்தது. சிவசமுத்திரத்திலிருந்து நமக்கு வந்தது 1902 ஜூன் 30-ஆம் தேதி. சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துக் கொண்டு வந்தார்கள். அந்நாளில் உலகிலேயே மிக நீளமான மின்தடங்களுள் அது ஒன்று. உண்மையே இவ்வளவு பெருமையாக இருக்கும்போது, டோக்கியோ எதற்கு? நாம் மேடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லிச் சொல்லி எழுதியதைத்தான் எந்திரம் பொறுக்கி எடுத்து என் பேத்தியிடம் கொடுத்திருக்கிறது. அவள் எழுதுவதை நாளை இன்னொரு எந்திரம் படிக்கும்.

வதந்தி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. சுரங்கத்தினுள் பாறை வெடித்தால் — ராக் பர்ஸ்ட் என்போம் — மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் அதிரும். அடுத்த நிமிடமே "பத்துப் பேர் போனார்கள்", "முப்பது பேர் போனார்கள்" என்று பேச்சு ஓடும். ஆனால் அந்தப் பேச்சுக்கு ஆயுள் குறைவு. பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். என் தாயாரும் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். யார் யார் உள்ளே இறங்கினார்கள் என்பதற்குப் பதிவு உண்டு. கேஜ் மேலே வரவர, ஏறி வந்தவரின் கணக்கும் தெரியும். கசந்தாலும் இனித்தாலும் உண்மையைக் கேட்டுக்கொள்ள ஓர் இடம் இருந்தது. பதில் சொல்ல ஓர் ஆளும் இருந்தார்.

சுரங்கம் மூடிய பிறகு நம்மவர்கள் பலரைப் போல நானும் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தேன். 2012 ஆகஸ்டில் ஒரு காலை, பெங்களூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்க இடமில்லை. வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள், கையில் கிடைத்த பையோடு, குவாஹாட்டி போகும் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். ரம்ஜானுக்குப் பின் தாக்குவார்கள் என்று குறுஞ்செய்தி பரவியிருந்தது. வேறெங்கோ எடுத்த படங்களும் கூடவே உலவின. ஆயிரமாயிரம் பேர் நகரத்தை விட்டுப் போனார்கள். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கே மத்திய அரசு சில நாட்கள் தடை போட்டது. பின்னர் 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று காட்சிகள் சுற்றின. அவற்றில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த ஒரு கொலை! தமிழ்நாடு காவல்துறை மறுத்தது. பீகார் அரசின் குழுவே வந்து பார்த்துச் சென்றது. அதற்குள் திருப்பூரிலிருந்து பலர் மூட்டை கட்டிவிட்டார்கள். பிழைக்க வந்த இடத்தில் இரவில் இப்படி ஒரு செய்தி வந்தால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதை, வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இவ்விரண்டு சமயங்களிலும் பழைய படத்தைப் புதிதென்று காட்டினாலே போதுமானதாக இருந்தது. இப்போது படத்தையும் குரலையும் புதிதாகவே செய்துவிடலாம். 2024-இல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை இந்த நுட்பத்தால் மீண்டும் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, ஊதியமும் தந்து, வெளிப்படையாகச் சொல்லிச் செய்தார். கேட்காமலும் சொல்லாமலும் செய்கிறவர்களை என்ன செய்வது?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு படம் வந்தது. "மைசூர் மைன், 1920" என்று போட்டிருந்தது. தொழிலாளர்கள் சுரங்கத்துக்குள் பளபளக்கும் தங்கக் கட்டிகளைச் சுமந்து வருகிறார்கள். உள்ளே வெட்டுவது வெண்பாறை. அதிலுள்ள தங்கம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. பின்னாலிருந்த பலகையில் எந்த மொழியிலும் சேராத எழுத்துக்கள். என் தங்கை மகன் அதற்கு இதயக்குறி போட்டிருந்தான். நான் மறுத்து எழுதியபோது, "விடுங்க மாமா, பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று பதில் வந்தது.

பார்க்க நன்றாக இருப்பதோடு போவதில்லை. 2024 ஜூனில், பதின்மூன்று கழிவு மண் மேடுகளிலிருந்து தங்கம் பிரித்தெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சைனைட் மேட்டைக் கரைக்கும் திட்டம் அது. பழைய சுரங்கத்தில் ஆள் இறங்குவது வேறு. ஆனால் "சுரங்கம் திறக்கிறார்கள், பழைய தொழிலாளரின் வாரிசுகளுக்கு வேலை" என்று ஓர் அதிகாரியின் குரலில் ஒலிப்பதிவு எங்கள் வீதியில் சுற்றியது. அந்தக் குரல் மனிதனுடையதா, எந்திரத்தினுடையதா, எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் தன் தகப்பனாரின் பணிச் சான்றையும் ஆதாரையும் படமெடுத்து அதில் சொன்ன எண்ணுக்கு அனுப்பி, கட்டணம் என்று இரண்டாயிரம் ரூபாயும் கட்டினான். பிறகு அந்த எண் எடுக்கவே இல்லை. அவனை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளாக அந்த வீதி காத்திருந்த செய்தி அது.

பேத்தியின் கட்டுரைக்கு வருகிறேன். செயலி எழுதியதை அவளே ஓரமாக வைத்தாள். பெட்டியிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தேன். 1964-இல் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்த பதினொரு பேர். இடமிருந்து மூன்றாவது என் தகப்பனார். பெயர்கள் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதைக் கொண்டு போய், எண்பத்தாறு வயதாகும் எங்கள் அடுத்த வீதிப் பெரியவரிடம் காட்டினோம். அவர் படத்தைக் கண்ணருகே வைத்து, ஒவ்வொரு முகத்திலும் விரல் வைத்துச் சொல்லச் சொல்ல, அவள் பின்பக்கம் பென்சிலால் எழுதினாள். ஏழு பெயர்கள் வந்தன. மற்ற நால்வரை அவருக்கு நினைவில்லை. "இவங்களுக்கு என்ன தாத்தா எழுதறது?" என்று கேட்டாள். "காலியாக விடு" என்றேன். நான்கு கோடு போட்டு விட்டாள்.