போட் வாங்கப் போறீங்களா? ஆள் கணக்கு வேண்டாம், கிலோ கணக்கு போடுங்க!

வண்டி லோன், வீட்டு லோன் பத்தியெல்லாம் நம்ம சேனல்ல நிறைய பேசியாச்சு. இன்னைக்கு கொஞ்சம் தண்ணிப் பக்கம் போவோம். ஸ்ரீமுஷ்ணம் மாதிரி ஊர்ல இருக்கிறவங்களுக்கு இது ஒண்ணும் தூரத்து விஷயம் இல்ல. வடக்கே வெள்ளாறு, கிழக்கே வீராணம் ஏரி, மேற்கே திட்டக்குடி பக்கம் போனா வெலிங்டன் ஏரி. மாசி மகத்துக்கு நம்ம ஊர் பூவராகப் பெருமாளே தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரை வரைக்கும் போறார்!

ஏரியில மீன் பிடிக்க சின்னதா ஒரு ஃபைபர் போட் வாங்கலாம்னு யோசிக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. அதிலயும் முக்கியமா, 90 கிலோ, 100 கிலோ உடம்பு இருக்கிறவங்களுக்கு. கூடப் போற மச்சானும் அதே சைஸ்னா இன்னும் கவனமா படிங்க. இதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல. விற்கிறவர்கிட்ட எடையை மறைச்சா நஷ்டம் நமக்குத்தான்.

போட் விலை கேட்கப் போனா முதல்ல காதுல விழுற வார்த்தை, "சார், இதுல நாலு பேர் தாராளமா போகலாம்." எந்த நாலு பேர்? அதுதான் கேள்வி.

நீங்க ஏறின லிஃப்ட்டை ஞாபகப்படுத்திப் பாருங்க. உள்ளே "8 நபர்கள், 544 கிலோ"ன்னு எழுதியிருக்கும். வகுத்துப் பார்த்தா ஒரு ஆளுக்கு 68 கிலோ. அதாவது அந்த 8 பேர் எல்லாரும் 68 கிலோக்காரங்க என்று எடுத்துக்கிட்ட கணக்கு. லிஃப்ட்ல எடை கூடினா மணி அடிக்கும், கதவு மூடாது. போட்ல மணி கிடையாது.

இந்த ஆள் கணக்கு எவ்வளவு ஆபத்தானதுன்னு அமெரிக்காவுல ஒரு சம்பவம் காட்டிச்சு. 2004 மார்ச் 6, பால்டிமோர் துறைமுகம். 'லேடி டி' என்ற சின்னப் பயணிகள் படகு காற்றுல கவிழ்ந்து 5 பேர் இறந்தாங்க. அனுமதி 25 பேருக்கு, ஏறினதும் 25 பேர். எண்ணிக்கை சரியாத்தான் இருந்தது. ஆனா அந்த அனுமதி, ஒரு ஆளுக்கு 140 பவுண்டு, அதாவது சுமார் 63.5 கிலோ என்று வைத்துப் போட்டது. அன்னைக்கு ஏறினவங்களோட சராசரி எடை அதைவிட அதிகம். இதுக்கு அப்புறம்தான் அந்த நாட்டுக் கடலோரக் காவல்படை, பயணிகள் படகுகளுக்கு ஆளுக்கு 185 பவுண்டு, சுமார் 84 கிலோ என்று கணக்கை மாத்திச்சு. அது நடைமுறைக்கு வந்தது 2011 டிசம்பர்ல.

சரி, இப்ப பண விஷயத்துக்கு வருவோம். கீழே வர்ற விலை எல்லாம் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிட்டது. நீங்க வாங்குற கொட்டேஷன்ல இருக்கிற எண்ணைப் போட்டுக்கோங்க.

முதல் போட் 60,000 ரூபாய், மொத்தம் 300 கிலோ தாங்கும். இரண்டாவது 85,000 ரூபாய், 450 கிலோ தாங்கும். "எதுக்கு 25,000 அதிகம்? ரெண்டு பேர்தானே போறோம்"னு தோணும். பொறுங்க. தாங்குதிறன் முழுசையும் யாரும் ஏத்தக் கூடாது. நான் 80 சதவீதத்தைத்தான் எடுத்துக்குவேன். காற்று அடிச்சா, அலை ஏறினா, உள்ளே கொஞ்சம் தண்ணி சேர்ந்தா, அந்த மிச்சம்தான் காப்பாத்தும்.

300-ல 80 சதவீதம் 240. இதுல ஆள் ஏறும் முன்னாடியே போறது என்னென்ன? 10 ஹெச்.பி. அவுட்போர்டு இன்ஜின் சுமார் 40 கிலோ. 20 லிட்டர் பெட்ரோல் 15 கிலோ. வலை, நங்கூரம், துடுப்பு, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து 45 கிலோன்னு வைங்க (ஈர வலை, காய்ஞ்ச வலையைவிடக் கனம்). ஆக 100 கிலோ போச்சு. மிச்சம் 140. 95 கிலோ ஆள் ரெண்டு பேர்னா 190. முடிஞ்சது கதை! முதல் போட்ல நீங்க ஒருத்தர் மட்டும்தான் பத்திரமா போக முடியும்.

இரண்டாவதுல 450-ல 80 சதவீதம் 360. அதுல 100 கழிச்சா 260. உங்க ரெண்டு பேர் எடை 190 போக, மிச்சம் 70 கிலோ. அந்த 70 கிலோதான் நீங்க பிடிக்கிற மீனுக்கான இடம், அதாவது உங்க வருமானம் உட்கார்ற இடம். 60,000 ரூபாய் போட்ல அந்த இடமே இல்ல. அந்த அதிகப்படி 25,000-ஐ 12 சதவீத வட்டியில 3 வருஷக் கடனா வாங்கினாலும் மாசம் சுமார் 830 ரூபாய்தான். சின்ன போட்டை வாங்கி, ஒரு வருஷத்துல அடிமாட்டு விலைக்குத் தள்ளிட்டுப் பெருசு வாங்குறதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த "450 கிலோ" உண்மையான்னு எப்படித் தெரியும்? எழுத்துல கேளுங்க. அதுக்கு மேல, பணம் முழுசா கொடுக்கும் முன்னாடி தண்ணியில இறக்கிப் பாருங்க. 20 லிட்டர் தண்ணி கேன் ஒண்ணு 20 கிலோ. 5 கேன் வைச்சா ஒரு 100 கிலோ ஆள். இன்ஜின், ஆள், மீன் எல்லாத்துக்கும் கேன் அடுக்கிட்டு, போட்டோட விளிம்பு தண்ணிக்கு மேல எவ்வளவு நிக்குதுன்னு ஸ்கேல் வைச்சு அளங்க. மிகத் தாழ்வான இடத்துல ஒரு அடிக்குக் குறைஞ்சா நான் வாங்க மாட்டேன். 14 அடி நீளம், நாலரை அடி அகலம் உள்ள போட்டுக்கு 44 கிலோ ஏத்தினா ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்கும். பரங்கிப்பேட்டைக் கடல்ல பார்த்த அளவை வீராணத்துக்கு அப்படியே எடுத்துக்காதீங்க. உப்புத் தண்ணி கொஞ்சம் அதிகமா தூக்கும், நல்ல தண்ணியில அதே பாரத்துக்குப் போட் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

கேன் சோதனையில தெரியாத ஒண்ணு இருக்கு: ஆட்டம். கேன் அடியில உட்கார்ந்திருக்கும், மனுஷன் எழுந்து நிப்பான். 100 கிலோ ஆள் நின்னு வீச்சு வலை போடும்போது பாரம் மேலே ஏறுது, ஒரு பக்கமும் சாயுது. அதனால நீளத்தைவிட அகலத்துக்குக் காசு கொடுங்க. அடி தட்டையா இருக்கட்டும். கனமானவர் நடுப் பலகையில உட்காரட்டும். இன்ஜின் பக்கத்துல உட்கார்ந்தா பின்பக்கம் தாழ்ந்து தண்ணி ஏறும். பரிசல் மலிவுதான். ஆனா உடம்பு கனமானவர் அதோட ஓரத்துக்கு நகர்ந்தா அந்தப் பக்கமே அமுங்கிடும்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்து வாங்குங்க. நெஞ்சுப் பட்டை பூட்டலைன்னா அது வெறும் அலங்காரம். இந்தச் செலவை பட்ஜெட்ல இருந்து வெட்டாதீங்க. 2011 டிசம்பர் 25 அன்னைக்கு பழவேற்காடு ஏரியில, மீன்பிடிப் படகுல உல்லாசமா போன குடும்பத்தில் 20-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. 2023 மே 7-ல கேரளா தானூர்ல 22 பேர். அதுவும் மீன்பிடிப் படகை மாத்திச் செஞ்ச சுற்றுலாப் படகு, அனுமதிக்கு மேல ஆள் ஏத்தியிருந்தாங்க. மீன் பிடிக்க வாங்கின போட்ல ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்களை ஏத்திச் சம்பாதிக்கலாம்னு ஒரு ஐடியா வரும். அதை வருமானக் கணக்குல சேர்க்கவே சேர்க்காதீங்க.

மானியம் பத்தி: 2020-ல தொடங்கின பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 60 சதவீதம் வரை மானியம் உண்டு. முதல்ல மீன்வளத் துறை அலுவலகத்துல இப்ப விண்ணப்பம் வாங்குறாங்களான்னு கேளுங்க. அனுமதி கைக்கு வரும் முன்னாடி கடையில அட்வான்ஸ் கட்டாதீங்க. மானியத்துல வர்ற மாடலுக்கும் மேல போட்ட அதே கிலோ கணக்கைப் போடுங்க. இலவசமா வந்தாலும் சின்ன போட் சின்ன போட்தான்.

கிசான் கிரெடிட் கார்டு மீனவர்களுக்கும் உண்டு. ஆனா அது ஐஸ், டீசல், வலை மாதிரி நடைமுறைச் செலவுக்கு. அதை வைச்சுப் போட் வாங்கத் திட்டம் போடாதீங்க. விபத்துக் காப்பீடு, மீனவரா பதிவு செஞ்சவங்களுக்கு அதே மத்ஸ்ய சம்பதா திட்டத்துல இருக்கு: இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம். உங்க பேரும், கூட வர்ற மச்சான் பேரும் அதுல இருக்கான்னு முதல் நாள் போட்டை இறக்கும் முன்னாடியே பார்த்துடுங்க.