பள்ளிக்குப் பேசப் போகும் ஆராய்ச்சி மாணவருக்கு

காரைக்குடியில் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி இங்கேதான் இருக்கிறது. 2017-இல் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் தொடங்கிய ‘ஜிக்யாசா’ திட்டம் வந்தபின் ஆய்வாளர்கள் பள்ளி மாணவரைச் சந்திப்பது புதுமையும் அல்ல. ஆனால் இத்தகைய பேச்சு பெரும்பாலும் நிறுவனத்தின் பெருமையாகவோ, பேசுபவரின் பட்டங்களின் பட்டியலாகவோ முடிந்துவிடுகிறது. இரண்டையும் கேட்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, ‘இது நமக்கானதல்ல’ என்று முடிவுகட்டிவிடும். வந்த வழியை, அதில் சறுக்கிய இடங்களோடும் செலவுக் கணக்கோடும் சொல்வதற்காகத்தான் நீங்கள் போகிறீர்கள்.

முன்னேற்பாடு எளிது. தலைமையாசிரியரிடம் நாள் கேளுங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகங்களைப் புரட்டி, அரிமானம், மின்பகுளி என்று பிள்ளைகள் படிக்கும் சொற்களையே பேச்சில் வையுங்கள். பவர்பாயின்ட் வேண்டாம். பாதி நேரம் வயரை மாட்டுவதிலேயே போய்விடும். ஒரே ஒரு சோதனை போதும்: மயில்துத்தக் கரைசலில், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இரும்பாணி. அதன்மேல் செம்பு படியும் சில நிமிடங்களில், பாம்பன் பாலத்தைக் கடற்காற்று என்ன செய்தது, செட்டிநாட்டு வீட்டு ஜன்னல் கம்பி ஏன் துருவேறுகிறது என்று பேசி, அங்கிருந்து உங்கள் ஆய்வுக்கு வந்துவிடலாம். உங்கள் ஆய்வுக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கூடாது.

பலர் தடுமாறுவது அடுத்த கட்டத்தில்தான். கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். இடக்கோடியில் 15 வயது, வலக்கோடியில் இன்றைய வயது. எந்த குரூப் எடுத்தீர்கள், எந்தத் தேர்வில் தவறினீர்கள், சும்மா இருந்த வருடம் எது, எல்லாவற்றையும் குறியுங்கள். பி.எஸ்சி. மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு, நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுபவர் இந்த வேலைக்கு வர வேண்டாம். சம்பளம் இல்லாமல் எத்தனை வருடம் படிக்க வேண்டும் என்பதுதான் பல வீடுகளில் முதல் கேள்வி.

தோல்வியைச் சொன்னால் பிள்ளைகள் பயந்து ஓடிவிடமாட்டார்களா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியூயார்க்கில் வசதி குறைந்த பகுதிகளின் பள்ளிகளில் 402 மாணவரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. ஐன்ஸ்டைன், மேரி கியூரி, ஃபாரடே ஆகியோர் பட்ட பாட்டைப் படித்தவர்களின் அறிவியல் மதிப்பெண் கூடியது. சாதனைகளை மட்டும் படித்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. அதிகப் பயன் பெற்றவர்கள் பின்தங்கியிருந்த மாணவர்களே. அமெரிக்கக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் மின்னாற்பகுப்பு விதிகளை வகுத்த ஃபாரடே புத்தகம் கட்டும் கடையில் வேலை பார்த்த பையன் என்பது எந்த ஊர்ப் பிள்ளைக்கும் புரியும். ஒன்று மட்டும் கவனம்: தோல்வியைச் சினிமா வசனம்போல வெற்றியில் கொண்டுபோய் முடிக்காதீர்கள். சோதனை தவறிப்போனபின் மறுநாள் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். நீட்டை நினைத்திருக்கும் பெற்றோர் கோபிப்பார்கள் என்றும் சொல்வார்கள். டாக்டராக வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அந்த இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்பும் பிள்ளைக்கு இன்னொரு கதவைக் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

‘கேள்வி இருக்கா?’ என்று கேட்டால் அறை ஊமையாகிவிடும். துண்டுச்சீட்டு கொடுத்து, பெயரில்லாமல் எழுதி வாங்குங்கள். முடிந்தால் பேச ஒரு பெண் ஆய்வாளரும் வரட்டும்: 1983-இல் வெளியான ஆய்வொன்றில் விஞ்ஞானியை வரையச் சொன்னபோது, 4,807 குழந்தைகளில் பெண்ணை வரைந்தவர்கள் 28 பேர், அத்தனை பேரும் சிறுமிகள்.

நாளையும் யோசித்துக் கேளுங்கள். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள், பேனருக்கு நன்றாக இருக்கும். பத்தாம் வகுப்புக்கோ அது பொதுத்தேர்வு நெருங்கும் நேரம். காலாண்டு விடுமுறை முடிந்த அக்டோபரில் போங்கள்.