சிறுசேரியில் வாசகர்கள் கூடினால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சிறுசேரியில் இன்று குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். சிப்காட் ஐ.டி. பூங்கா வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்தும் தேனியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் வந்து, நாவலூர், தாழம்பூர், படூர், கேளம்பாக்கம் என்று வீடு பிடித்துத் தங்கிவிட்டவர்கள். எதிர் வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. அந்த எதிர் வீட்டு அலமாரியில் கி. ராஜநாராயணன் இருக்கலாம், நம் அலமாரியில் தி. ஜானகிராமன் இருக்கலாம். இரண்டு அலமாரிக்கும் நடுவில் இருப்பது ஒரு நடைபாதைதான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை இந்த வாசகர்கள் கூடி, பிடித்த புத்தகத்தையும் எழுத்தாளரையும் படிக்கும் பழக்கத்தையும் பற்றிப் பேசலாம். இது நமக்குப் புதிதும் இல்லை. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டு வட்ட வடிவ முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கம்பனைப் படித்தார்கள். அந்த முற்றத்தின் பெயராலேயே அந்தக் கூட்டம் ‘வட்டத்தொட்டி’ ஆனது. பிற்காலத்தில் நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி ‘காகங்கள்’ என்ற பெயரில் நண்பர்களைக் கூட்டிப் பேசினார். படிப்பவர்கள் கூடி உட்கார இடம் இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. சிறுசேரியில் அப்படி உட்கார விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். செல்போனில் அட்டைப் படத்தைக் காட்டினால் போதாது. நீங்கள் படித்த அதே பிரதி வர வேண்டும். ஒரு கூட்டத்துக்கு ஒரு பெண் தன் பாட்டி பைண்டு செய்து வைத்திருந்த ‘பொன்னியின் செல்வன்’ தொகுதி ஒன்றைக் கொண்டுவந்தார். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்த பக்கங்களைக் கிழித்தெடுத்துச் சேர்த்துத் தைத்தது. முதுகில் ஒட்டிய காலிகோ துணி நைந்து உள்ளே தையல் நூல் தெரிந்தது. மணியம் வரைந்த படங்கள் பழுப்பேறியிருந்தன. அத்தியாயம் முடிந்த பக்கத்தின் மிச்ச இடத்தில் தலைவலித் தைல விளம்பரம். ஏதோ ஒரு வாரத்து இதழ் கிடைக்காமல் போயிருக்கிறது. அந்த அத்தியாயத்தை மட்டும் பாட்டி யாரிடமோ இரவல் வாங்கி, கோடு போட்ட தாளில் தன் கையெழுத்தில் நகலெடுத்து நடுவே வைத்துத் தைத்திருக்கிறார். அந்தத் தாள்கள் கைமாறிக் கைமாறி அறையைச் சுற்றி வந்தன. பொன்னியின் செல்வனைப் பற்றி அன்று யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. ஆனால் அதுவரை அதைத் தொடாத இரண்டு பேர் அடுத்த மாதத்துக்குள் முதல் பாகத்தை முடித்துவிட்டு வந்தார்கள்.

யார் கொடுத்து முதலில் படித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துத் தமிழய்யா, விடுமுறையில் போன மாமா வீட்டுப் பரண், ஊர்க் கிளை நூலகத்து நூலகர், முடிதிருத்தும் கடையில் கிடந்த வார இதழ் என்று ஆளுக்கு ஒன்று இருக்கும். கூச்சப்படுகிறவர்கள்கூட இந்தக் கேள்வி வந்தால் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

உங்கள் ஊர் எழுத்தாளரை அழைத்து வாருங்கள். சிறுசேரிக் கூட்டத்துக்கு வேறு ஊர்க் கூட்டங்களுக்கு இல்லாத வசதி இதுதான், இதை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு, கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் இடைசெவல் என்ற ஒரே ஊரில் பிறந்து சேர்ந்து வளர்ந்த நண்பர்கள் என்பது பெருமை. அவர் படித்துக் காட்டும்போது கரிசல் பேச்சு சரியான இழுவையோடு வரும். குமரி மாவட்டத்துக்காரர் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை எடுத்து வரட்டும். கொங்குக்காரர் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மா’ளை எடுத்து வரட்டும். 1942-ல் வந்த நாவல் அது, இன்று படித்தாலும் கொங்குப் பேச்சு காதில் கேட்கும். ‘அசுரன்’ படம் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அதன் மூலமான பூமணியின் ‘வெக்கை’யில் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினால் படத்தில் இல்லாத எத்தனையோ கிடைக்கும். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ தென்கோடிப் பரதவர் கதை. அதைப் படித்துவிட்டுக் கோவளம் மீனவர் குப்பத்தில் போய் நின்றால், கட்டுமரத்தையும் வலையையும் வேறு கண்ணால் பார்ப்போம்.

அரைப் பக்கமாவது வாய்விட்டுப் படியுங்கள். கதைச் சுருக்கம் சொன்னால் கதைதான் தெரியும், எழுத்து தெரியாது. டி.கே.சி. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்தி, ரசித்துக் காட்டியே ஆட்களைக் கம்பன் பக்கம் இழுத்தார். உங்களைப் பிடித்து நிறுத்திய இடம் எதுவோ அதை மட்டும் படியுங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் போதும்.

எப்போது, எங்கே படிக்கிறீர்கள் என்றும் பேசுங்கள். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலையும் நெரிசலுமாக அலுவலகப் பேருந்தில் கழியும் நேரம் கொஞ்சமில்லை. பேருந்துக்குச் சிறுகதைதான் சரி. அசோகமித்திரனோ வண்ணதாசனோ ஒரு கதை, சோழிங்கநல்லூர் வருவதற்குள் முடிந்துவிடும். ஓடும் வண்டியில் எழுத்தைப் பார்த்தால் சிலருக்குத் தலை சுற்றும். அவர்கள் ஒலிநூல் கேட்கலாம், அதுவும் வாசிப்புதான். நாவலை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் படுக்கும் முன் நாலு கவிதை படிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒருவர் சொல்லும் சின்ன வழி இன்னொருவருக்கு அப்படியே பயன்படும்.

ஆங்கில வழியில் படித்து, தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கு முதல் நாற்காலியைக் கொடுங்கள். அவர்களுக்குச் சுஜாதா நல்ல வாசல். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதியவர், கணிப்பொறியைத் தமிழில் எளிதாகச் சொன்னவர். சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர் ‘என் இனிய இயந்திரா’வைத் தொடங்கினால் பாதியில் வைக்க மாட்டார்.

இந்த ஊரிலேயே பிறந்தவர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். ஐ.டி. பூங்கா வருமுன் இங்கே ஏரியும் வயலும் இருந்ததை அறிந்த பெரியவர்கள், குடியிருப்பில் காவல் வேலை பார்ப்பவர்கள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள், அவர்கள் பிள்ளைகள். வாட்ச்மேன் அண்ணன் இரவில் என்ன படிக்கிறார் என்று கேட்டிருக்கிறோமா? சென்னைக் கணிதக் கழகம் 2005 முதல் சிறுசேரியில்தான் இருக்கிறது. அந்த மாணவர்களையும் அழைக்கலாம். நூலக இயலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனே சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். எந்த வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும், எந்தப் புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்று 1931-லேயே விதியாக எழுதி வைத்தார். அதில் சம்பளமும் படிப்பும் பார்க்கவில்லை.

நூலகத்தில் உறுப்பினராகுங்கள். 1948-ம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி, வீட்டுக்குக் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருக்கிறோம், அவ்வளவுதான். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சேர்ந்து போய் வாருங்கள். ஆளுக்கு வேறு வேறு புத்தகமாக வாங்கினால் பத்துப் பேருக்கு ஒரு சின்ன நூலகமே சேர்ந்துவிடும்.

ஒரு முறை கூட்டத்தை மாமல்லபுரத்தில் வையுங்கள். பழைய மாமல்லபுரம் சாலையிலேயே குடியிருக்கிறோம். ‘சிவகாமியின் சபத’த்தின் கரு, டி.கே.சி.யோடு மாமல்லபுரக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது என்று கல்கி எழுதியிருக்கிறார். நல்ல வாசகரோடு உட்கார்ந்து பேசியதில் பிறந்த நாவல் அது. அதைச் சிற்பங்களுக்கு முன்னால் படிக்க இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்கள் நாம்தான். இன்னும் பின்னே போக ஆசைப்படுகிறவர்கள் ‘பெரும்பாணாற்றுப்படை’யை உரையோடு எடுத்துக்கொள்ளலாம். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய 500 அடிகள். அதில் வரும் கலங்கரை விளக்கமும் துறைமுகமும் இந்தக் கடற்கரையைச் சேர்ந்தவை என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு.

செய்யக்கூடாதவை

யாருடைய ரசனையையும் இளக்காரமாகப் பார்க்காதீர்கள். தமிழ் வாசகர் கூட்டங்கள் கலைந்து போவதற்கு இதுதான் முதல் காரணம் என்பேன். ஒருவர் ரமணிசந்திரன் என்று சொன்னதும் இன்னொருவர் உதட்டைச் சுழிப்பார். அதோடு அவர் அடுத்த மாதம் வரமாட்டார். பேருந்து நிலையக் கடையில் ராஜேஷ்குமாரை வாங்கிப் படித்தே படிக்கும் பழக்கம் வந்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கிப் புதுமைப்பித்தனுக்கு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அங்கேயே சந்தோஷமாக இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் கூட்டத்தில் இடம் இருக்க வேண்டும். அதே போல, ஜனரஞ்சகம் படிப்பவர்களும் தீவிர இலக்கியம் படிப்பவரைப் ‘புரியாததைப் படிப்பவர்’ என்று ஒதுக்கக்கூடாது.

எண்ணிக்கை சொல்லாதீர்கள். வருடத்துக்கு நூறு புத்தகம் என்று ஒருவர் சொன்னால், ஒரே ‘மோகமுள்’ளை மூன்று முறை படித்தவர் வாயைத் திறக்க மாட்டார். கூட்டத்துக்கு வேண்டியவர் அந்த இரண்டாமவர்.

எழுத்தாளரின் சாதியைத் தேடாதீர்கள். எழுத்தில் சாதி பேசப்பட்டால் அதைப் பேசலாம், பேசத்தான் வேண்டும். பாமாவின் ‘கருக்கு’, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ போன்றவற்றைப் படித்துவிட்டு அதைப் பேசாமல் நகர முடியாது. ஆனால் “அவர் என்ன ஆளு?” என்று ஆரம்பிக்கும் பேச்சை அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். அதற்கு இடம் கொடுத்தால், வந்தவர்களைப் பற்றியும் அதே கேள்வி எழும்.

விழாவாக்காதீர்கள். தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, மேடைக்கு ஃப்ளெக்ஸ் என்று போனால் புத்தகத்துக்கு மிஞ்சுவது ஐந்து நிமிடம். வட்டமாக உட்காருங்கள். எழுத்தாளரை அழைத்தால் அவருடைய புத்தகம் ஒன்றையாவது எல்லோரும் படித்துவிட்டு அழையுங்கள். படிக்காமல் அழைத்து நினைவுப் பரிசு கொடுத்து அனுப்புவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் புத்தகத்தைப் பி.டி.எஃப்.பாக வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். தமிழில் பல நல்ல நாவல்களின் முதல் பதிப்பே சில நூறு பிரதிகள்தான். நூறு பேர் உள்ள குழுவில் ஒரு கோப்பு போனால், அந்தப் பதிப்பின் கணிசமான பங்கு அங்கேயே போய்விடுகிறது. இலவசமாகப் படிக்க வேண்டுமென்றால் நேர்மையான வழிகள் இருக்கின்றன. பாரதி, கல்கி, புதுமைப்பித்தன் ஆகியோரின் எழுத்துகளை அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஆயுளுக்குப் போதுமான அளவு இருக்கிறது. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு என்பது சட்டம். 1982-ல் மறைந்த ஜானகிராமனுக்கு அது 2042 வரை நீள்கிறது.

இரவல் புத்தகத்தில் பக்க முனையை மடிக்காதீர்கள், பேனாவால் கோடு போடாதீர்கள், மூன்றாம் ஆளுக்குக் கைமாற்றாதீர்கள். கொடுத்தது, வாங்கியது, தேதி மூன்றும் ஒரு நோட்டில் இருந்தால் நட்பும் கெடாது, புத்தகமும் திரும்பும்.

முடிவைச் சொல்லாதீர்கள்.

பிள்ளைகளிடம் “இந்தக் கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேட்காதீர்கள். பரீட்சை அவர்களுக்குப் பள்ளியிலேயே இருக்கிறது. எந்த இடம் பிடித்தது என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் காமிக்ஸைச் சொன்னாலும் முழுதாகக் கேளுங்கள்.

முதல் மாதம் ஆள் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். நாலு பேர் வந்தால் நல்ல கூட்டம். கிளப் ஹவுஸ் கிடைக்காவிட்டால் மொட்டை மாடி இருக்கிறது, அதுவும் இல்லையென்றால் பூங்கா பெஞ்சு. லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் தேதியும் நேரமும் எழுதி, பிடித்த புத்தகத்தோடு வரவும் என்று ஒரு வரி சேர்த்து இந்த வாரமே ஒட்டிவிடுங்கள். எதிர் வீட்டுக் கதவை மட்டும் நேரில் போய்த் தட்டிக் கூப்பிடுங்கள்.