எட்டுக் கேள்வியில் ஒரு உடம்புக் கணக்கு



சேமிப்பு, சந்தா, வட்டின்னு நாம எழுதாத கணக்கு இல்ல. இந்த மாதம் உடம்புக் கணக்கு ஒன்றைத் தெரிஞ்சுக்குவோம்.

மயஸ்தீனியா கிராவிஸ் என்று ஒரு அரிய நோய். நரம்பு அனுப்பும் சேதி தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குறுக்கே நின்று தடுக்கிறது. ஒட்டுவாரொட்டி இல்லை. பெண்களுக்குப் பெரும்பாலும் 40 வயதுக்குள்ளேயே வருகிறது. காலையில் தெம்பாக இருப்பாள். வேலை செய்யச் செய்ய, சாயங்காலம் இமை தொங்கும், பேச்சு மூக்கால் வரும், சோறு மெல்ல முடியாது. கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகும். "வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்று வீட்டில் சொல்வது இதனால்தான். டாக்டரைப் பார்ப்பதோ காலையில். அப்போது முகம் தெளிவாக இருக்கும்!

அதனால் நோய் எவ்வளவு என்று அளக்க, அன்றாட வாழ்க்கையையே கேட்கும் முறை 1999-ல் வந்தது. கேள்வி எட்டு: பேச்சு, மெல்லுவது, விழுங்குவது, மூச்சு, பல் தேய்ப்பது அல்லது தலை சீவுவது, உட்கார்ந்து எழுவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24. தலை சீவுவதைப் பாருங்க. சிரமமில்லை என்றால் 0. கஷ்டப்பட்டாவது ஒரே மூச்சில் சீவினால் 1. நடுவில் கையை இறக்கி ஓய்வெடுத்தால் 2. முடியவே இல்லை என்றால் 3. மருந்துக்குப் பிறகு மொத்தம் 2 குறைந்தாலே நல்ல முன்னேற்றம் என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் கூட்டுத்தொகையை மட்டும் நம்பக் கூடாது. ஒருத்திக்கு எந்நேரமும் இமை தொங்கி, எல்லாம் இரண்டாகவே தெரிகிறது: 6. இன்னொருத்திக்கு அடிக்கடி புரை ஏறுகிறது, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குகிறது: 4 தான். உயிருக்கு ஆபத்து இந்த 4-க்குத்தான். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடணும். ஆஸ்பத்திரியில் மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள். 20 வரைகூட எண்ண முடியாவிட்டால் மூச்சுத் தசை தளர்கிறதோ என்று பார்ப்பார்கள்.

நம் குழுவில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், எழுதத் தெரிந்த ஒருவர் வாரம் ஒரு நாள், சாயங்காலமா, எட்டுக் கேள்வியையும் கேட்டு நோட்டில் எழுதிக் கொடுக்கலாம். மாத்திரை போட்ட நேரத்தையும் பக்கத்தில் குறிக்கணும், இல்லாவிட்டால் கணக்கு புரியாது. டாக்டரிடம் போகும்போது நோட்டும் கூடப் போகட்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில் நோயின் பெயரைப் பெரிதாக எழுதுங்க. பிரசவமோ, காய்ச்சலோ, எதற்குப் போனாலும் முதலில் அதைக் காட்டணும். சில ஆன்டிபயாடிக் மருந்துகளும், பிரசவத்தில் வலிப்புக்குப் போடும் மெக்னீசியம் ஊசியும் இந்த நோயைத் திடீரென்று கூட்டிவிடும்.