கள்ளும் கிராம ஜீவனமும்

கேள்வி: ஆப்பிரிக்கக் கிராமங்களில் பெண்கள் சோளத்தில் வடிக்கும் பீர், குடும்பத்துக்கே ஜீவனோபாயம் என்கிறார்களே, நம் பக்கம் அப்படி ஏதும் உண்டா?
– வாசகர், கூரம்

பதில்: பனங்கள் உண்டு. பாளை சீவிக் கலயத்தில் வடியும் சாறு, சுண்ணாம்பு தடவினால் பதநீராகவும், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் தானே புளித்துக் கள்ளாகவும் ஆகிறபடியால், வெளியூர் மூலதனம் எதுவும் வேண்டாமல், ஏறுகிறவர் கூலியும் மரமுடையவர் பங்கும் கிராமத்திலேயே சுழன்றன. உங்கள் ஊர்ச் செப்பேட்டால் புகழ்பெற்ற பல்லவர் ஆட்சியிலேயே கள்ளிறக்குவோர்மீது ஈழம்பூட்சி என்னும் வரி இருந்தமை, இத்தொழிலின் பிராசீனத்துக்குச் சான்று. குடியினால் விளையும் துன்பத்தை நான் மறுப்பவனல்லன். எனினும், 1987 முதல் கள்ளுக்குத் தடை நீடிக்க, 2003 முதல் அரசே கடை வைத்துச் சீமை மதுவகைகளை விற்பது, பனையேறிகளுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன். கேரளத்திலோ, 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, கள்ளுத் தொழிலாளர்க்கென்று க்ஷேமநிதியே இருக்கிறது.