வெள்ளாட்டுப் பால் சீஸும் பாஸ்டர் முறையும்

பால் மனிதனுக்கு உற்ற உணவு. நுண்ணிய கிருமிகளுக்கும் அதுவே உற்ற உணவு. கறந்த பாலைச் சூடேற்றாமல் உறைய வைத்துச் சீஸ் என்னும் பாற்கட்டி செய்தால், பாலிலுள்ள வியாதிக் கிருமிகள் அக்கட்டியிலும் தங்கக்கூடும். இதைத் தடுக்க ஏற்பட்டது பாஸ்டர் முறை. பாலுக்குக் குறிப்பிட்ட உஷ்ணத்தைக் குறிப்பிட்ட நேரம் ஊட்டி, உடனே ஆற்றுவதே இம்முறையாகும்.

மால்டா தீவு கற்பித்த பாடம்

மத்தியதரைக் கடலிலுள்ள மால்டா தீவில் முற்காலத்தில் வெள்ளாடுகளை வீதிதோறும் ஓட்டிச் சென்று, வாடிக்கைக்காரர் வாயிலிலேயே பால் கறந்து கொடுப்பது வழக்கம். கண்ணெதிரே கறந்த பாலில் குற்றமிராதென்று ஜனங்கள் நம்பினர். ஆயினும் வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் ஒருவிதக் காய்ச்சல் அத்தீவினரையும் அங்கிருந்த பிரிட்டிஷ் பட்டாளத்தாரையும் வருத்தி வந்தது. அதற்கு மால்டாக் காய்ச்சல் என்றே பெயராயிற்று.

டேவிட் புரூஸ் என்னும் இராணுவ வைத்தியர் இக்காய்ச்சலுக்குரிய கிருமியை 1887-ல் வெளியிட்டார். அது எவ்வழியாகப் பரவுகிறதென்பது மேலும் 18 ஆண்டுகள் விளங்கவில்லை. 1905-ல் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மித் என்னும் மால்டா வைத்தியர் ஆடுகளைச் சோதித்து, நோயின் குறி யாதுமின்றிக் கொழுத்து நின்ற ஆடுகளே பாலில் அக்கிருமியைச் சுமந்து வந்தனவென்று கண்டார். 1906-ல் பட்டாளத்தாருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. அவர்களிடையே காய்ச்சலும் வெகுவாகக் குறைந்தது. ஊர் ஜனங்கள் பழைய வழக்கத்தை விடவில்லை. நோயும் அவர்களை விடவில்லை.

1938-ல் அத்தீவில் பாஸ்டர் முறைப் பாற்சாலை ஏற்பட்டது. அதற்குப் பின்னும், 1995-ல், சூடேற்றாத பாலில் செய்த சிறு கட்டிகளால் நூற்றுக்கு மேற்பட்டோர் இதே நோய்க்கு ஆளாயினர். காரணம் தெரிந்து 90 ஆண்டுகள் சென்ற பிறகு நேர்ந்த தீங்கு இது. ஆட்டின் கொழுமையையும் பாலின் புதுமையையும் சுத்தத்திற்குச் சாட்சியாகக் கொள்ளலாகாது.

கைக்கொள்ள வேண்டிய விதிகள்

1. அண்டாவில் செய்வோர் பாலை 145 பாரன்ஹீட் டிகிரிக்கு (63 சென்டிகிரேடு) குறையாத உஷ்ணத்தில் முழுமையாக 30 நிமிஷம் வைத்திருத்தல் வேண்டும். யந்திரத்தில் ஓட விடுவோர்க்கு 161 டிகிரியில் (72 சென்டிகிரேடு) 15 விநாடி போதும். உஷ்ணம், நேரம் இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை.

2. அமெரிக்காவில் முன்னர் 143 டிகிரியே போதுமென்றிருந்தது. ஆடு மாடுகளிலிருந்து மனிதருக்கு வரும் கியூ காய்ச்சலின் கிருமி அதற்குத் தப்பியதால், 1956-ல் அதை 145 ஆக உயர்த்தினர். இரண்டு டிகிரிதானே என்று அசட்டை செய்வோர் இதை நினைவிற் கொள்க.

3. பாலை ஓயாமல் கிளறி வருதல் வேண்டும். மேலே நுரை ஆறியிருந்தால் அதனுள் கிருமி பிழைத்துவிடும். ஆதலால் அண்டாவை மூடி, பாலின் மேலுள்ள காற்றும் 150 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்பது அமெரிக்க விதி.

4. நேரக் கணக்கு தொடங்கிய பின் ஒரு கரண்டிப் பச்சைப் பாலும் சேர்க்கலாகாது.

5. கைப்பதம் கண்பதம் உதவா. சரிபார்த்த உஷ்ணமானி அவசியம். தேதி, பாலின் அளவு, உஷ்ணம், தொடக்கமும் முடிவுமான மணி ஆகியவற்றை அன்றன்றே புஸ்தகத்தில் பதிய வேண்டும்.

6. பச்சைப் பால் ஏனங்கள் வேறு, சூடேற்றிய பாலின் ஏனங்கள் வேறாக இருத்தல் வேண்டும். லிஸ்டீரியா என்னும் கிருமி ஈரத்தரையிலும் சாக்கடை வாயிலும் உப்புநீரிலும் குளிரிலும் பிழைத்திருக்கும். அது கர்ப்பிணிகளின் சிசுவுக்கே நாசம் விளைப்பது. சூடேற்றிய பாலையும் அசுத்தமான கை மீண்டும் கெடுத்துவிடும்.

கொதிக்க வைத்தால் ஆகாதோ?

குடிக்கும் பாலைக் கொதிக்க வைப்பது நன்றே. உறைமருந்திட்டுச் செய்யும் சீஸுக்கோ அது பொருந்தாது. கொதித்த பால் உறைமருந்துக்கு நன்கு உறையாமல் குழைந்துவிடும். கிருமி சாகவும் கட்டி கெடாதிருக்கவும் இடைப்பட்ட உஷ்ணத்தை அளந்து வைத்திருப்பதே பாஸ்டர் முறையின் சிறப்பு. இதில் புளிப்புக்குரிய நல்ல கிருமிகளும் குறைந்துபோவதால், ஆறிய பின் சுத்தமான பிரை சேர்த்தல் வேண்டும். சிறிதளவு கால்சியம் குளோரைடு சேர்த்தால் கட்டி உறுதிப்படும்.

அறுபது நாள் விதி

சூடேற்றாத பாலில் செய்த சிலவகைக் கட்டிகளை 35 பாரன்ஹீட் டிகிரிக்குக் குறையாத உஷ்ணத்தில் 60 நாட்களேனும் வைத்திருந்து விற்க அமெரிக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. நாள் செல்லச் செல்லப் புளிப்பும் உப்பும் வறட்சியும் பல கிருமிகளை ஒடுக்கும். ஆயினும் எல்லாக் கிருமிகளும் அழியுமென்பதற்கு உறுதியில்லை. செய்த சில தினங்களில் தின்னும் மிருதுவான வெள்ளாட்டுச் சீஸுக்கு இவ்விதி சிறிதும் உதவாது. பாஸ்டர் முறையே அதற்குக் காப்பு.

செலவும் சேமமும்

நான்கைந்து ஆடு வைத்திருப்போர் தனித்தனியே அண்டாவும் உஷ்ணமானியும் வாங்குவது கடினம். விறகுச் செலவும் சிறிதன்று. பலர் ஒன்றுகூடி, பாலை ஓரிடத்திற் சேர்த்துச் சூடேற்றினால் அச்செலவு பங்காகும், கணக்கும் ஒழுங்காகும். ஆனால் ஒருவர் பாலின் குற்றம் அனைவர் பாலையும் பற்றுமாதலால், அங்கு விதி தவறுதல் இருமடங்கு தீங்காம். வாங்கி உண்பவன் ஆட்டைக் கண்டதில்லை, அண்டாவையும் கண்டதில்லை. செய்பவனை நம்பியே உண்கிறான். அரைமணி நேரம் அடுப்பருகில் நின்று உஷ்ணமானியைப் பார்ப்பது அந்நம்பிக்கைக்குச் செலுத்தும் கடனாகும்.